மோட்டர் ஓடத் தொடங்கினால் ரோபோ ஏன் மயங்குகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் விளங்கட்டும்.

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். பாடசாலைக் கண்காட்சிக்கு, தடையைக் கண்டு விலகிப் போகும் ரோபோ ஒன்று செய்கிறீர்கள். ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகை, அதன் கட்டளைப்படி மோட்டருக்கு மின்னோட்டம் விடும் எல்298 மோட்டர் டிரைவர், மஞ்சள் கியர் மோட்டர் இரண்டு, முன்னால் ஒலி அலையால் தூரம் அளக்கும் மீயொலி உணரி, மேலே ஐ2சி என்ற இரண்டு வயர்த் தரவு இணைப்பில் ஒரு எல்.சி.டி திரை. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு 9 வோல்ற் சதுரப் பற்றரி. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் ஒழுங்காக ஓடுகிறது. தரையில் விட்டால் இரண்டடி போய் நின்றுவிடுகிறது, அல்லது முதலில் இருந்து தொடங்குகிறது. திரையில் புரியாத எழுத்துகள் வருகின்றன. முன்னால் ஒன்றும் இல்லாதபோதும் 4 சென்ரிமீற்றரில் சுவர் இருப்பதாக உணரி சொல்கிறது. யாரோ சொன்னார்கள் என்று 1000 மைக்ரோபரட் கப்பாசிட்டர் (மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் கொள்ளளவி) ஒன்றை மோட்டர் பக்கம் போட்டீர்கள், ஒரு மாற்றமும் இல்லை.

மாற்றம் இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. மோட்டர் குழப்பம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று வேறு வேறு கோளாறுகள். ஒன்று, மோட்டர் மின்னோட்டத்தை இழுக்கும்போது பற்றரி சரிந்து, பலகைக்குச் சாப்பாடு இல்லாமல் போவது. இரண்டு, கிரவுண்ட் வயரில், அதாவது எல்லாப் பாகங்களில் இருந்தும் பற்றரியின் மறை (−) முனைக்குத் திரும்பும் பொது வயரில், ஓடும் மோட்டர் மின்னோட்டம் உணரியின் அளவைக் கெடுப்பது. மூன்று, மோட்டருக்குள், சுழலும் சுருளுக்கு உரசி மின்னோட்டம் கொடுக்கும் பிரஷ் தெறிக்கும் பொறி. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று பிரித்தறியாமல் கடைக்குப் போனால் காசும் நாளும் போகும். நம் ஊரில் ஒரு சின்னப் பாகத்துக்கும் கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவை எதிர்பார்த்து இருக்க வேண்டிய நிலை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான் கடற்றொழிலாளரின் படகுக் கருவிகளைத் திருத்துகிறவன். மீன் காட்டும் கருவி, ஜி.பி.எஸ், வாக்கி எல்லாம் வரும். கொட்டியாரக்குடாவில் தொழில் செய்கிற ஒருவர் கொண்டு வருவார்: "தம்பி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் இது அணைந்து பத்துது." கருவியில் பிழை இருக்காது. ஸ்டார்ட்டர் மோட்டர் இழுக்கும் அந்த நொடியில் பற்றரி 12இல் இருந்து கீழே விழுந்து கருவி பசியில் மயங்கும். கருவியின் வயரை ஸ்டார்ட்டர் வயரோடு ஒட்டாமல், நேரே பற்றரி முனைக்குக் கொண்டு போனாலே பாதிக் கோளாறு தீரும். உங்கள் ரோபோவில் நடப்பதும் இதுதான், அளவுதான் சிறிது.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு பஸரை ஏதாவது முனையில் இணைத்து, நிரலின் தொடக்கப் பகுதியில், அதாவது ஒரே ஒரு முறை ஓடும் பகுதியில், அரைச் செக்கன் "பீப்" என்று ஒலிக்கச் செய்யுங்கள். இனி ரோபோ ஓடும்போது பீப் கேட்டால் பலகை ரீசெற் ஆகி, நிரல் முதலில் இருந்து தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பீப் இல்லாமல் அப்படியே உறைந்து நின்றால் ரீசெற் ஆகவில்லை, நிரல் எங்கோ மாட்டிக்கொண்டது. இரண்டும் வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், காரணம் வேறு. கணினியோடு யூ.எஸ்.பி வயர் மாட்டிக்கொண்டு இதைச் சோதிக்க வேண்டாம். அந்த வயர் வழியாக 5 வோல்ற் வந்து பலகையைத் தாங்கிப் பிடிக்கும், கோளாறு ஒளிந்துகொள்ளும். "வீட்டில் மேசையில் நன்றாக ஓடியது, மண்டபத்தில் ஓடவில்லை" என்று அழுகிற பிள்ளைகள் பலரின் கதை இதுதான்.

அடுத்த சோதனைக்கு ஒரு மோட்டர் சைக்கிள் பாகக் கடையில் 12 வோல்ற் 5 வாற் பார்க்கிங் பல்ப் இரண்டு வாங்குங்கள். மோட்டர்களைக் கழற்றிவிட்டு அவற்றின் இடத்தில் பல்பை இணைத்து அதே நிரலை ஓட்டுங்கள். குளிர்ந்த இழைக்குத் தடை மிகக் குறைவு, ஆகவே பல்பும் மோட்டரைப் போலவே தொடக்கத்தில் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். ஆனால் அதில் பிரஷும் இல்லை, பொறியும் இல்லை. பல்புடனும் பீப் கேட்டால் உங்கள் கோளாறு பற்றரிச் சரிவு. பல்புடன் சுகமாக ஓடி, மோட்டரோடு மட்டும் குழம்பினால் பொறியைச் சந்தேகிக்கலாம். இதைவிட மலிவான, தெளிவான சோதனை எனக்குத் தெரியாது.

நீங்கள் எழுதிய அறிகுறிகளைப் பார்த்தால், தூக்கிப் பிடித்தால் ஓடுவதும் தரையில் விட்டால் விழுவதும் பற்றரியைத்தான் காட்டுகின்றன. கணக்குப் பார்ப்போம். மோட்டரின் இரண்டு முனைக்கும் இடையே மீற்றரால் ஓம் அளந்து பாருங்கள். நான் அளந்த மஞ்சள் மோட்டர்கள் பெரும்பாலும் 4 முதல் 8 ஓம் வரை காட்டின. 5 ஓம் என்று வைத்தால், 6 வோல்ற்றில் நிற்கும் மோட்டர் 1.2 அம்பியர் இழுக்கும். ஓடத் தொடங்கிய பிறகுதான் அது 0.2 அம்பியர் அளவுக்கு இறங்கும். இரண்டு மோட்டரும் ஒன்றாகப் புறப்பட்டால் 2.4 அம்பியர். முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டரைச் சட்டென்று பின்னால் திருப்பினால் இன்னும் மோசம், ஏனென்றால் சுழலும் மோட்டர் தானே உண்டாக்கும் வோல்ற்றும் சேர்ந்துகொள்ளும். அப்போது இரு மடங்கு வரை போகலாம். உங்கள் ரோபோ சுவரைக் கண்டவுடன் செய்வதும் இதைத்தான்.

அந்தச் சதுர 9 வோல்ற் பற்றரி புகை எச்சரிக்கைக் கருவிக்கும் மீற்றருக்கும் ஏற்றது. புதிதாக இருக்கும்போதே உள்ளே 1 ஓம், 2 ஓம் தடை இருக்கும், பழசானால் இன்னும் கூடும். 2 அம்பியர் கேட்டால் அது 5, 6 வோல்ற்றுக்கு விழுந்துவிடும். ஊனோ பலகைக்கோ ஒழுங்கான 5 வோல்ற் செய்ய வெளியில் இருந்து 7 வோல்ற் வரவேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஊனோவில் இருக்கும் அட்மெகா328 சிப், 5 வோல்ற் வழி 2.7க்குக் கீழே விழுந்தால்தான் தன்னை ஒழுங்காக ரீசெற் பண்ணும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது ஓடும் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குத் தயாரிப்பாளர் உத்தரவாதம் தருவது ஏறத்தாழ 3.8 வோல்ற்றுக்கு மேலேதான். 2.7க்கும் 3.8க்கும் இடையே ஒரு கெட்ட பகுதி. அதில் சிப் சாகவும் இல்லை, சுகமாகவும் இல்லை. நிரல் தாறுமாறாகத் தாவும், மாறிகளில் குப்பை விழும். உங்கள் ரோபோ சில நேரம் ரீசெற் ஆகிறது, சில நேரம் உறைகிறது என்றால் அந்தப் பகுதியில்தான் ஏறி இறங்குகிறது. மல்டிமீற்றரில் இதைப் பிடிக்க முடியாது. அது ஒரு செக்கனுக்கு இரண்டு மூன்று முறைதான் அளவு காட்டும், சரிவோ சில மில்லிசெக்கனில் முடிந்துவிடும்.

இப்போது உங்கள் 1000 மைக்ரோபரட் ஏன் உதவவில்லை என்று பாருங்கள். 2.4 அம்பியரை 10 மில்லிசெக்கன் தாங்க 24 மில்லிகூலோம் மின்னேற்றம் வேண்டும். 1000 மைக்ரோபரட் கப்பாசிட்டர், பாடப் புத்தகம் சொல்வது போல, ஒரு வோல்ற் இறங்கும்போது 1 மில்லிகூலோம்தான் தரும். 24 வோல்ற் இறங்க அங்கே வோல்ற் எங்கே இருக்கிறது? மோட்டரை அது தாங்கவே முடியாது. ஆனால் அதே கப்பாசிட்டரைப் பலகையைத் தாங்கும் இடத்தில் வையுங்கள். பலகை, உணரி, திரை எல்லாம் சேர்ந்து 100 மில்லிஅம்பியர் அளவு இழுக்கும். 10 மில்லிசெக்கனுக்கு 1 மில்லிகூலோம், அதாவது ஒரே ஒரு வோல்ற் இறக்கம். தாங்கிவிடும்! கப்பாசிட்டரில் இருக்கும் ஏற்றத்தை மோட்டர் திருடாமல் இருக்க, பற்றரிக்கும் பலகையின் வின் (Vin, வெளி மின் உள்ளே வரும்) முனைக்கும் நடுவே ஒரு 1என்5819 டயோட் போட்டு, அதற்குப் பின்னால், பலகைப் பக்கம், கப்பாசிட்டரை வையுங்கள். டயோட் ஒருவழிக் கதவு. பற்றரி சரியும்போது கதவு மூடிக்கொள்ளும், பலகை கப்பாசிட்டரில் இருந்து சாப்பிடும். டயோடின் வெள்ளிக்கோடு பலகைப் பக்கம் இருக்க வேண்டும். கப்பாசிட்டர் 16 வோல்ற் அல்லது அதற்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும்.

பற்றரியை எப்படியும் மாற்றுங்கள். 18650 செல் இரண்டைத் தொடராக, அதற்கான கூட்டில் போட்டால் 7.4 வோல்ற், பல அம்பியர் தாராளமாகத் தரும். அதற்குரிய சார்ஜரில் மட்டும் சார்ஜ் பண்ணுங்கள். பழைய மடிக்கணினிப் பற்றரியை உடைத்து எடுக்க வேண்டாம், இரு முனையும் தவறித் தொட்டால் தீப்பிடிக்கும். செல் வாங்க வழியில்லை என்றால் மீள மின்னேற்றக்கூடிய ஏ.ஏ பற்றரி ஆறு போதும்.

எல்298 பற்றியும் ஒரு வார்த்தை. அது பழைய இருமுனைத் திரான்சிஸ்டர் வகை. 1 அம்பியரில் தானே ஏறத்தாழ 2 வோல்ற்றை, சில வேளை 3 வோல்ற்றையும் சூடாக்கித் தின்றுவிடும். அடுத்த ரோபோவுக்கு டி.பி.6612 வாங்குங்கள், அது மொஸ்பெட் வகை, இழப்பு மிகக் குறைவு. இந்தக் கண்காட்சிக்கு எல்298 போதும், அதை எறிய வேண்டியதில்லை.

நிரலிலும் ஒன்று செய்யலாம். மோட்டர் வேகத்தை 0இல் இருந்து முழு வேகமான 255க்குச் சட்டென்று தூக்காமல், கால் செக்கனில் படிப்படியாக ஏற்றுங்கள். பின்னால் திருப்புவதற்கு முன் மோட்டரை நிறுத்தி, 100 மில்லிசெக்கன் காத்திருந்து திருப்புங்கள். இது செலவில்லாத வைத்தியம், உடனே பலன் தெரியும்.

சக்கர அச்சையும் கையால் சுற்றிப் பாருங்கள். உப்புவெளிக் கடற்கரை மணல் மாவு போல. ரோபோவை மணலில் விட்டுப் பார்த்திருந்தால் கியர்ப் பெட்டிக்குள் அது போயிருக்கும். இறுகிய கியர் மோட்டரை எப்போதும் தொடக்க நிலையிலேயே வைத்திருக்கும், மின்னோட்டம் இறங்கவே இறங்காது.

இனி கிரவுண்ட். இது பலர் கவனிக்காமல் விடுவது, என்னை மூன்று நாள் அலைய வைத்தது. ஒரு முறை நான் செய்த கோடு பின்தொடரும் வண்டி நேராகப் போகும்போது ஒழுங்கு, வளைவில் மட்டும் கோட்டை விட்டு ஓடியது. பற்றரி புதிது, கப்பாசிட்டர் எல்லாம் போட்டாகிவிட்டது, நிரலைப் பத்துத் தடவை படித்தாகிவிட்டது. மூன்றாம் நாள் இரவு, மீற்றரை 2 வோல்ற் அளவில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையிலும் மற்றதை ஆர்டுயினோவின் கிரவுண்டிலும் வைத்தேன். இரண்டும் ஒரே வயர் என்று வரைபடத்தில் இருக்கிறது, ஆகவே பூச்சியம் காட்ட வேண்டும். சக்கரத்தைக் கையால் இறுகப் பிடித்தேன். மீற்றர் 0.6 வோல்ற் காட்டியது. கையை விட்டேன், 0.1. பிடித்தேன், மீண்டும் 0.6.

ஈயம் ஒட்டாமல் வயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகையான பிரெட்போர்ட்டைக் கழற்றி பின் ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன். உள்ளே கிளிப்புகளில் பச்சைப் பூச்சு. டச்சுக்குடாப் பக்கம் கடலைப் பார்த்த வீடு, மாரி முழுக்க விறாந்தையில் கிடந்த பிரெட்போர்ட். உப்புக் காற்று செம்பைத் தின்றிருக்கிறது. கிரவுண்ட் வரிசையில் மோட்டரின் மின்னோட்டமும் உணரியின் மின்னோட்டமும் ஒன்றாக அந்தக் கெட்ட கிளிப்புகளைக் கடந்தன. வளைவில் ஒரு மோட்டர் நின்று மற்றது உழைக்க, கிரவுண்ட் உயர்ந்து, உணரி சொன்ன எண்ணிக்கை மாறி, வெள்ளையைக் கறுப்பு என்று சிப் எடுத்துக்கொண்டது.

அன்றில் இருந்து மோட்டர் மின்னோட்டத்தை நான் பிரெட்போர்ட் வழியாக விடுவதில்லை. பற்றரியின் மறை முனையில் இருந்து தடித்த வயர் ஒன்று நேரே டிரைவருக்கு. இன்னொரு வயர் ஆர்டுயினோவுக்கு. உணரிகள் ஆர்டுயினோவில் இருந்து. இரண்டு பாதையும் பற்றரி முனையில் மட்டும் சந்திக்கட்டும். டிரைவரின் கிரவுண்டும் ஆர்டுயினோவின் கிரவுண்டும் சந்திக்காமலேயே விட்டுவிடாதீர்கள், அப்படிச் செய்தால் கட்டளைச் சமிக்ஞைக்கு வழி இல்லாமல் மோட்டர் கண்டபடி ஓடும்.

வயர் நீளமும் குறையட்டும். 20 சென்ரிமீற்றர் மெல்லிய ஜம்பர் வயருக்கு ஏறத்தாழ 0.2 மைக்ரோஹென்றி தூண்டல், அதாவது மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம், இருக்கும். அதில் 1 அம்பியர், 100 நானோசெக்கனில் மாறினால் வயரின் இரு நுனிக்கும் இடையே 2 வோல்ற் தோன்றும். கண்ணுக்கு ஒன்றுமில்லாத வயர், சிப்புக்கு 2 வோல்ற் அடி.

அந்த 100 நானோசெக்கன் மாற்றம் எங்கிருந்து வருகிறது என்றால், மூன்றாவது கோளாறான பொறியில் இருந்து. மோட்டருக்குள் சுருள் சுழலும்போது பிரஷ் ஒரு தகட்டை விட்டு அடுத்த தகட்டுக்குத் தாவுகிறது. விட்ட சுருளில் ஓடிய மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கும், இடைவெளியில் பொறியாகத் தாண்டும். 1880களின் கடைசியில் ஹேர்ட்ஸ் உலகத்துக்கு வானொலி அலையைக் காட்டியது இப்படி ஒரு பொறியால்தான். உங்கள் ரோபோவில் இரண்டு குட்டிப் பொறி ஒலிபரப்பிகள், அவற்றின் வயர்களே அன்ரெனா. சந்தேகம் என்றால் வீட்டில் கிடக்கும் மத்திய அலை வானொலியை நிலையம் இல்லாத இடத்தில் திருப்பி, ஓடும் மோட்டரின் பக்கத்தில் பிடியுங்கள். சர்ர்ர் என்று இரையும். திருத்திய பிறகு மறுபடி பிடித்துப் பாருங்கள், எவ்வளவு குறைந்தது என்று காது சொல்லும்.

திருத்தம் மோட்டரிலேயே செய்ய வேண்டும், டிரைவர் பக்கத்தில் அல்ல. பொறி வயரில் ஏறிய பிறகு பிடிப்பது கடினம். 104 என்று எழுதிய செராமிக் கப்பாசிட்டர் ஒன்றை, அதாவது 10க்குப் பின் நான்கு பூச்சியம், 100,000 பிகோபரட், 0.1 மைக்ரோபரட், மோட்டரின் இரு முனைக்கும் குறுக்கே காலை முடிந்தவரை குட்டையாக வெட்டி ஒட்டுங்கள். பழைய தொலைக்காட்சிப் பலகைகளில் நிறையக் கிடைக்கும். அது போதாவிட்டால் 473 இரண்டு, ஒவ்வொரு முனையில் இருந்தும் மோட்டரின் உலோக உடலுக்கு. உடலில் ஈயம் சும்மா பிடிக்காது, அரத்தாலோ மணல்தாளாலோ பளபளப்பு வரும்வரை சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். மோட்டர் முனைகள் பிளாஸ்டிக் மூடியில் நிற்கின்றன. சோல்டரிங் அயனை இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் வைத்தால் மூடி உருகி, பிரஷ் சாய்ந்து, மோட்டர் போய்விடும்.

எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிட்டரை மோட்டர் முனையில் போடாதீர்கள். மோட்டர் பின்னால் ஓடும்போது முனை மாறும், கப்பாசிட்டர் வெடிக்கும். மோட்டருக்குக் குறுக்கே டயோட் போடச் சொல்லும் வரைபடங்களையும் அப்படியே நகல் எடுக்காதீர்கள். அவை ஒரே திசையில் ஓடும் மோட்டருக்கு. இரு திசையிலும் ஓட்டும் எல்298இல் அந்த டயோட் ஒரு திசையில் நேர் ஷோர்ட், அதாவது குறுஞ்சுற்று. தேவையான எட்டு டயோட்களும் அநேகமாக உங்கள் டிரைவர் பலகையிலேயே இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள்.

பிறகு மோட்டரின் இரு வயரையும் கயிறு திரிப்பது போல ஒன்றோடொன்று முறுக்குங்கள். போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த முறுக்கிய வயரைத் திரையின் ஐ2சி வயரோடு ஒரே கட்டாகக் கட்டாதீர்கள், வண்டியின் மறு பக்கத்தால் கொண்டு போங்கள்.

உங்கள் திரையில் வரும் புரியாத எழுத்துகளுக்கும் விளக்கம் உண்டு. அந்தத் திரை ஒரு எழுத்தை நான்கு பிட், நான்கு பிட் என்று இரண்டு பாதியாக வாங்குகிறது. நடுவில் ஒரு பொய்த் துடிப்பு புகுந்தால் பாதிக் கணக்குத் தவறி, அதற்குப் பிறகு வரும் எல்லா எழுத்தும் ஒரு பாதி தள்ளியே வாசிக்கப்படும். மறுபடி தொடக்கம் கொடுக்கும்வரை குணமாகாது. ஆகவே எழுத்து ஒரு முறை குழம்பி அப்படியே நின்றால் துடிப்பு ஒன்றுதான் புகுந்தது, திரை பழுதில்லை. ஐ2சியில் மாட்டி நிரல் உறைவதும் உண்டு. ஐ2சி தொடர்புக்கு ஆர்டுயினோ தரும் "Wire" என்ற நிரல் நூலகத்தின் புதிய பதிப்பில் காத்திருப்பு எல்லை வைக்கும் வசதி இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள்.

உணரியின் 4 சென்ரிமீற்றர் பொய்ச் சுவரும் இதே வகைதான். அது தூரத்தைச் சொல்வது ஒரு துடிப்பின் நீளத்தால், 58 மைக்ரோசெக்கனுக்கு 1 சென்ரிமீற்றர். 4 சென்ரிமீற்றர் என்றால் 232 மைக்ரோசெக்கன்தான். பொறி ஒன்று அந்தத் துடிப்பை இடையில் வெட்டினால் போதும், சுவர் முளைத்துவிடும். உணரியின் 5 வோல்ற் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, உணரிக்கு ஒட்டி, ஒரு 104 போடுங்கள். பிறகு ஐந்து முறை அளந்து நடுவில் உள்ள எண்ணை எடுங்கள். சராசரி எடுக்காதீர்கள், ஒரு பொய் எண் சராசரியை இழுத்துவிடும். இந்த நிரல் வேலையைக் கடைசியாகச் செய்யுங்கள். முதலிலேயே செய்தால் வயரில் உள்ள பிழை மறைந்து, கண்காட்சியன்று கூட்டத்துக்கு முன்னால் தலை காட்டும்.

ஊனோ இல்லாமல் தனிச் சிப்பை வைத்துப் பலகை செய்கிறவர்கள் இதை வாசித்தால், ரீசெற் முனைக்கும் 5 வோல்ற்றுக்கும் நடுவே 10 கிலோஓம் தடையி இருக்கிறதா என்று பாருங்கள். ஊனோவில் அது ஏற்கெனவே இருக்கிறது. கையால் செய்த பலகையில் மறந்துவிட்டால், பக்கத்தில் ஓடும் மோட்டர் வயரே ரீசெற் பொத்தானை அழுத்தும்.

இன்றிரவு செய்ய வேண்டியது பஸரும் பல்ப் சோதனையும். நாளைக்குப் பற்றரி, டயோட், கிரவுண்ட் வயர். எல்லாம் முடிந்த பிறகு, முன்னால் ஒரு செக்கன், பின்னால் ஒரு செக்கன் என்று 50 முறை திருப்பும் நிரல் ஒன்றை எழுதி, தரையில் விட்டு, பீப்பை எண்ணுங்கள். ஒன்றுகூடக் கேட்கக் கூடாது. கேட்டால், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பற்றரி மறை முனைக்கும் ஆர்டுயினோ கிரவுண்டுக்கும் இடையே எத்தனை மில்லிவோல்ற் என்று அளந்து, அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். 50 மில்லிவோல்ற்றுக்கு மேல் இருந்தால் எந்த வயரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.